பெயர் எழுதாத கிழங்கு

மகிமாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஷெரின் அடுப்படிக்குத் திரும்பியபோது மணி எட்டரை.

விடிவதற்கு முன்பே ஆரம்பித்த வாந்தி. கூடவே பேதி. பத்துத் தடவைக்கு மேல் போய், கடைசியில் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட தங்கையை ஷெரினின் கணவன் ஜாஸ்பர்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். அத்தை சொர்ணலதா மகளுக்கு ஒரு சேலையையும் வேதாகமத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வீட்டைப் பூட்ட ஆள் வேண்டுமென்று ஷெரின் நின்றுவிட்டாள். நிற்கச் சொன்னது யாருமில்லை. கூட வா என்று கூப்பிடவும் யாருமில்லை.

மூன்று வாரமாக வீடு அப்படித்தான் இருந்தது.

தேனி கடைவீதியில் கீழே ஸ்டேஷனரி கடை, மேலே வீடு. கணவன் முத்துராஜாவோடு இனி வாழ முடியாது என்று மகிமா கோயம்புத்தூரிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து மூன்று மாதமாகிறது. முதல் இரண்டு மாதம் நாத்தனாரும் மதினியும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜனவரி கடைசியில் ஒருநாள், ஜன்னலோரம் நின்ற சட்டியில் கொடி முழுக்கக் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, செடி செத்துப்போயிற்று என்று மகிமா சட்டியோடு கொண்டுபோய் மொட்டைமாடி மூலையில் கொட்டிவிட்டாள். அதற்கு ஷெரின் போட்ட சத்தம் கீழே கடையில் நோட்டு வாங்க வந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. செத்த செடிக்குப் பண்ணுகிற ஒப்பாரியை உயிரோடு வந்து நிற்கிற ஆளுக்குப் பண்ணவில்லையே என்று மகிமா திருப்பிச் சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

செடி சாகவில்லை. அது செங்காந்தள். பூத்து ஓய்ந்ததும் மேலே காய்ந்துபோகும், கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அன்றைக்கு மொட்டைமாடியில் கொட்டிக் கிடந்த மண்ணை விரலால் அளைந்து ஐந்து கிழங்குகளை ஷெரின் பொறுக்கி எடுத்தாள்.

இப்போது அடுப்பின் மேல் நேற்றைய சட்டி கழுவாமல் இருந்தது. அடியில் கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீர். லெந்து நோன்பு நாட்களில் மகிமா பகலெல்லாம் உபவாசம் இருந்து சாயங்காலம் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவாள். நேற்று கிழங்கு அவித்திருக்கிறாள். சர்க்கரை வியாதி என்பதால் அத்தை கிழங்கு பக்கமே போக மாட்டார். ஜாஸ்பர் நேற்று கடையிலேயே சாப்பிட்டுவிட்டான். ஷெரினுக்கு மகிமா எடுத்துக் கொடுக்கவில்லை.

சட்டியைத் தேய்க்க எடுத்தவள் குப்பை வாளியைப் பார்த்தாள். சிவப்புத் தோல் சர்க்கரைவள்ளியுடையது. அதனடியில் இன்னொரு தோல், வெளுத்த பழுப்பில், மெல்லியதாக.

அலமாரிக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தாள். காய்ந்த மணலுக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பொட்டலங்களை எண்ணினாள். ஐந்து இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. பெட்டிக்குப் பக்கத்திலேயே சர்க்கரைவள்ளிக் கூடை இருந்தது.

ஷெரின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வளர்ந்தது லோயர் கேம்ப்பில், மின்நிலையக் குடியிருப்பில். வாய்க்கால் ஓரத்து வேலி முழுக்க அந்தக் கொடி படர்ந்திருக்கும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அதை மேத்தோன்னி என்பார்கள். பூவைப் பறித்தால் கையைக் கழுவு, கிழங்கைத் தோண்டினால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் ஷெரினை வளர்த்தாள். பக்கத்து லைன் வீட்டுக்காரரின் பசு அந்தக் கிழங்கைத் தின்று இரண்டு நாள் துடித்துச் செத்ததையும் பார்த்திருக்கிறாள்.

கல்யாணமாகி இந்த மாடி வீட்டுக்கு வந்தபோது இங்கே மண் என்று ஒரு பிடிகூட இல்லை. கிழக்கே சந்துப் பக்கம் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். காலையில் இரண்டரை மணி நேரம் வெயில் வரும். அப்பா வீட்டுக்குப் போய் வந்த ஒரு முறை விரல் நீளக் கிழங்கு ஒன்றை வேலியோரத்திலிருந்து எடுத்து வந்தாள். முதல் வருஷம் சட்டியில் தண்ணீர் நின்று அழுகிப்போனது. மறு வருஷம் இன்னொரு கிழங்கு கொண்டுவந்து, சட்டி அடியில் ஓட்டைபோட்டு, ஓட்டுச்சில்லு பரப்பி, பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்தாள். சித்திரை கழிந்து பென்சில் கனத்தில் குருத்து வந்தது. ஜன்னல் கம்பி தடிமனாக இருந்ததால் இலை நுனிகளால் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. மெல்லிய சணல் கட்டி விட்டாள். ஒவ்வொரு இலையும் நுனியைச் சுருட்டிச் சணலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியதை, காய்கறி நறுக்குகிற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசியில் ஏழு பூ. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நாலாம் நாள் முழுச் சிவப்பானது. சபையிலிருந்து வந்த பெண்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கிழங்குகளைப் பெட்டியில் வைத்த அன்று, மேலே எழுதி ஒட்ட கடையிலிருந்து மார்க்கர் எடுத்து வந்தாள். என்ன எழுதுவது? செங்காந்தள் என்று எழுதினால் அது எதற்கு அடுப்படியில் என்று கேட்பார்கள். விஷம் என்று எழுதினால் அன்றைக்கே சட்டியும் சேர்ந்து தெருவுக்குப் போய்விடும். மாடியில் எலி. படுக்கையறைச் சுவரில் ஓதம். கிழங்கு காய்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிழங்குக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான், அது அடிபட்டால் போயிற்று. மார்க்கரை மூடி, பெட்டியை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

சுவர்க்கடிகாரத்தில் எட்டு ஐம்பது. ஒன்பது. முந்தாநாள் வெளியே தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொல்லி, ஒரு பாட்டில் ஏற்றி, சாயங்காலம் மகிமா வீடு திரும்பிவிடலாம். அப்படி நடந்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தோலைக் கீழே இருக்கிற குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

ஒன்பது பத்துக்கு எழுந்தாள். அந்த இருபது நிமிஷத்தை அவளால் பிறகு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்று பொட்டலங்களையும் தோலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அவர்கள் வழக்கமாகப் போகிற மதுரை ரோட்டுச் சின்ன மருத்துவமனையில் மகிமாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளுக்கு முன் வெளியே சாப்பிட்டதுதான் காரணம் என்று ஜாஸ்பர் சொல்லியிருந்தான். மருத்துவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஷெரின் கவரை மேஜைமேல் வைத்து, நேற்று சாயங்காலம் இதைத்தான் அவள் அவித்துத் தின்றிருக்கிறாள் என்றாள்.

அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லி, ஆம்புலன்சுக்குத் தானே போன் போட்டார்.

வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது சொர்ணலதா மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வளத்த செடியா?"

"ஆமா அத்தை."

சொர்ணலதா ஆம்புலன்சில் ஏறிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். ஷெரினும் ஜாஸ்பரும் பைக்கில் பின்னால் போனார்கள்.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மருத்துவர் சுபாஸ்ரீக்கு முப்பது வயதுகூட இருக்காது. கிழங்கைக் கையுறை போட்ட விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்வலிக் கிழங்கு என்றார்.

செங்காந்தள் என்று பூவைத்தான் சொர்ணலதாவுக்குத் தெரியும். கண்வலிக் கிழங்கு என்ற பெயரைச் செய்தித்தாளில் படித்திருக்கிறார். சாக நினைக்கிறவர்கள் தின்பது. இரண்டும் ஒன்றே என்பதும், அது தன் அடுப்படியில் மூன்று வாரமாக இருந்தது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஷெரினைத் தனியாக அழைத்து மருத்துவர் விவரம் கேட்டார். எப்போது சாப்பிட்டாள், எவ்வளவு, உப்புப் போட்டு அவித்தாளா, தண்ணீரை வடித்தாளா. தெரிந்ததைச் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்.

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இதுக்குன்னு மாத்து மருந்து எங்ககிட்ட இல்லைம்மா. உள்ள போனதைக் குறைக்கப் பாக்கலாம், உடம்பைத் தாங்கிப் பிடிக்கலாம். அவ்வளவுதான் செய்ய முடியும்." மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இன்னைக்குச் சாயங்காலமோ நாளைக்கோ வாந்தி நின்னுடும். எந்திரிச்சு உக்காந்து பேசுவாங்க. சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் ரத்தத்துல அணுக்கள் குறையும். கிட்னி, இதயம், எது வேணும்னாலும் பாதிக்கலாம். ஒரு வாரம் தாண்டிட்டாங்கன்னா பிழைச்சுக்குவாங்க. அப்புறம் தலைமுடி கொட்டும். அது பரவாயில்லை, திரும்ப வளரும்."

வீட்டுப் பெரியவர்களிடம் இதைத் தானே சொல்வதாக மருத்துவர் சொன்னார். அதற்குள் விபத்துக் கேஸ் ஒன்று வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி காவல் அறையிலிருந்து ஏட்டு பொன்னாத்தாள் நோட்டோடு வந்தார். விஷம் என்றால் அவர் வந்து எழுதித்தான் ஆக வேண்டும். முதலில் மகிமாவின் கட்டிலுக்குப் போனார். புருஷனைப் பிரிந்து வந்து மூன்று மாதம் என்பதைச் சொர்ணலதா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் ஏட்டு சுற்றி வளைக்காமல், தெரிந்தே தின்றாயா என்று கேட்டார்.

மகிமாவின் உதடு வெடித்திருந்தது. மெதுவாகச் சொன்னாள். கூடையில் சர்க்கரைவள்ளி இரண்டுதான் இருந்தது. பக்கத்தில் பெட்டியில் பேப்பர் சுற்றி இருந்ததும் ஏதோ கிழங்கு என்று எடுத்துச் சேர்த்து அவித்தாள். கசந்தது. பழசு போலிருக்கிறது என்று கருப்பட்டியைக் கூடப் போட்டுத் தின்றுவிட்டாள்.

"என்ன கிழங்குன்னு வீட்ல கேக்க வேண்டியதுதான தாயி?"

"மதினிகிட்டதான் கேக்கணும். நாங்க பேசிக்கிறதில்ல."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஏட்டு அவளை வராந்தாவில் பிடித்தார். ஜாஸ்பரும் சொர்ணலதாவும் பக்கத்திலேயே நின்றார்கள். கிழங்கு யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காக அடுப்படியில் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டே வந்து, பேனாவை நிறுத்தினார். அது விஷம் என்று தெரியாமல்தானே வைத்தாய் என்று கேட்டார். கேட்ட தோரணையிலேயே, ஆமாம் என்று சொல்லிவிடு என்பது இருந்தது.

ஜாஸ்பர் அவளைப் பார்த்தான். அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான்.

"தெரியும்," என்றாள் ஷெரின். "சின்னப் பிள்ளையிலயே தெரியும்."

வராந்தாவில் யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார். நாளை காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து முறையாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும், ஊரைவிட்டு எங்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொர்ணலதா அப்போது சத்தம் போடவில்லை. மகளின் கட்டிலை நோக்கி நடந்தவர் நாலடி போய்த் திரும்பி வந்தார். இத்தனை நாள் என் கையால் சோறு வாங்கித் தின்றவள் என் பிள்ளைக்குப் பக்கத்தில் விஷத்தை வைத்துவிட்டு உறங்கியிருக்கிறாளே என்றார். அவள் இனி அந்தக் கட்டில் பக்கம் வரக் கூடாது என்று மகனிடம் சொன்னார். மருமகளிடம் சொல்லவில்லை.

ஜாஸ்பர் மனைவியை மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா தூக்கிப் போட்டிருப்பீக."

"ஆமா, போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவன் அவளை அடிக்கக் கை ஓங்குவான் என்று அவள் நினைத்தாள். ஓங்கியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. மாமனார் அடக்கத்தின்போதுகூட.

மதியத்துக்குமேல் முத்துராஜா போனில் வந்தான். அத்தைதான் அவனுக்குத் தகவல் சொல்லியிருந்தார். பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னவன், தான் வந்து சேரும் வரை யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றான். அவள் இன்னும் சட்டப்படி என் மனைவி, இதை யார் செய்தார்களோ அவர்களைச் சும்மா விடமாட்டேன் என்றான். மூன்று மாதத்தில் அவன் மகிமாவை விசாரித்தது அதுதான் முதல் தடவை.

ஷெரின் வராந்தாக் கடைசியில், மருந்து ஸ்டோர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. வாங்கி வரச் சொன்ன ஊசி மருந்துச் சீட்டை நர்ஸ் அவளிடமே கொடுத்தாள். வாங்கி வந்து வாசலில் நின்று நீட்டினாள். மூன்று தடவை அப்படிப் போய்வந்தாள். ஜெபிக்கப் பார்த்தாள். வாய்க்கு வந்ததெல்லாம் "ஆண்டவரே, அவளை விட்டுரும்" என்ற ஒன்றுதான். அதற்குப் பதிலாக என்ன கொடுப்பதாகச் சொல்வதென்று தெரியவில்லை.

நாலரை மணிக்கு உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. சிரிப்பு மாதிரியும் இருந்தது.

எட்டிப் பார்த்தாள். மகிமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரமாக வாந்தி இல்லை. தாய் கரண்டியால் கஞ்சித் தண்ணீர் புகட்ட, அது உள்ளே நின்றது. சொர்ணலதா ஒவ்வொரு கரண்டிக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம், காரம் இல்லாமல் என்ன செய்து தரட்டும் என்று மகளிடம் கேட்டார். ஜாஸ்பர் போனில் சபை போதகரிடம், தேறிவிட்டாள் ஐயா, எல்லாம் ஜெபம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மருத்துவர் இவர்களிடம் இன்னும் பேசவில்லை.

மகிமா அவளைப் பார்த்துவிட்டாள். கையை அசைத்தாள். அத்தை திரும்பி முறைத்தார்.

"மதினி, இங்கன வாங்க," என்றாள் மகிமா. "அம்மா, சும்மா இருங்க. அவுகளைத்தான் கூப்பிடுறேன்."

ஷெரின் பக்கத்தில் போய் நின்றாள். மகிமா அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"செத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் மதினி கொட்டுனேன். உங்க மேல உள்ள கோவத்துல இல்ல."

"தெரியும்மா. நாந்தான் சொல்லல. எதையும் நான் சொல்லல."

"தலை ஒரே சிக்கா இருக்கு. சீவி விடுறீகளா?"

பக்கத்துக் கட்டில்காரியிடம் சீப்பு இருந்தது. ஷெரின் பின்னால் நின்று, இடுப்புவரை இறங்கிய அந்த முடியைக் கையில் எடுத்தாள். கொட்டும், திரும்ப வளரும் என்று மருத்துவர் சொன்னது காதிலேயே இருந்தது. நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். இழுபடாமல், இழை இழையாக. மகிமா கண்ணை மூடிக்கொண்டு, கோயம்புத்தூரில் தன் தலையை யாரும் தொட்டதில்லை என்று சொன்னாள். இரண்டு பின்னல் போட்டு முடிப்பதற்குள் அப்படியே தூங்கிப்போனாள்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு ஷெரின் வெளியே வந்தாள். சொர்ணலதாவும் எழுந்து வந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக மருமகளுக்கு எதிரே நின்றார். முகத்தில் கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்துக்கும் மேலே நம்பிக்கை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தெம்பில்தான் பேசினார்.

"உன்னை மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பாப்போம். அந்த டாக்டரம்மா உங்கிட்டதான ரொம்ப நேரம் பேசுனாக. இனிப் பயம் இல்லைல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஒரு இரவாவது அந்த அம்மாள் கண் மூடுவார். நாளைக்கு மருத்துவர் சொல்லிக்கொள்ளட்டும். ஜாஸ்பர் போனை அணைத்துவிட்டு அருகே வந்தான். அவனும் அவள் பதிலுக்காக நின்றான்.

"இல்லத்தை," என்றாள் ஷெரின். "இது தேறுனது இல்ல. இப்படித்தான் இருக்கும்னு சொன்னாக. இனிமேதான் அத்தை. நாளைக்கும், மறுநாளும், அதுக்கு அடுத்த நாளும்."

டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னாள். ரத்தம், கிட்னி, இதயம், ஒரு வாரம். எதையும் குறைக்கவில்லை.

சொர்ணலதா கேட்டுக்கொண்டே நின்றார். கால் தளர்ந்தபோது விழாமலிருக்க எதிரே இருந்ததைப் பிடித்தார். அது ஷெரினின் தோள். பிடித்தது யாரை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரல் எலும்பில் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தார்.

"இன்னும் என்னடி இருக்கு, நீ எங்ககிட்ட சொல்லாதது?" என்று கேட்டார்.